ஒரு கையெழுத்து மருத்துவரைக் காப்பாற்றுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். நீங்களும் மகப்பேறு மருத்துவரான உங்கள் மனைவியும் சேர்ந்து ஒரு சிறு நகரத்தில் 20 படுக்கைகள் கொண்ட நர்சிங் ஹோம் தொடங்கவிருக்கிறீர்கள். உங்களோடு படித்த நண்பர் ஒருவர் நுகர்வோர் வழக்கில் படும் பாட்டைப் பார்த்ததிலிருந்து உங்களுக்கு நிம்மதி இல்லை. நோயாளியைச் சேர்க்கும்போதே என்னென்ன எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் வழக்கு வராமல் இருக்கும் என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் படிவத்தைப் பற்றிய கேள்விதான். ஆனால் நீங்கள் உண்மையில் அஞ்சுவது வேறு ஒன்றை என்று எனக்குப் படுகிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் நோயாளி இறந்துவிட்டால் நான் குற்றவாளியாகி விடுவேனா? இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் வக்கீல் அல்ல. அரசு மருத்துவமனைகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தவன். பணியின் கடைசிப் பத்தாண்டில், போலீஸ் விசாரணைக்காகவும் துறை விசாரணைக்காகவும் அமைக்கப்பட்ட மருத்துவக் குழுக்களில் உட்கார்ந்து பிறருடைய கேஸ் ஷீட்டுகளை வரிவரியாகப் படித்துக் கருத்து எழுதும் வேலையும் வந்து சேர்ந்தது. சட்டத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் தீர்ப்புகளைப் படித்தும் சாட்சிக் கூண்டில் நின்றும் கற்றது. கையில் ஏற்கெனவே வக்கீல் நோட்டீஸ் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், இதை வைத்துப் பதில் எழுத வேண்டாம். மருத்துவ வழக்கு நடத்திப் பழகிய வக்கீலைப் பாருங்கள்.

முதலில் நேரடியான பதில். அப்படி ஒரு படிவம் கிடையாது. "சிகிச்சையின்போது எது நடந்தாலும் மருத்துவரோ மருத்துவமனையோ பொறுப்பல்ல" என்று எழுதி வாங்கும் கையெழுத்து, கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டின் முன் செல்லாக்காசு. சொல்லப்போனால், அந்த வரி மட்டும் பெரிய எழுத்தில் அச்சாகி, என்ன அறுவை சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்ற இடங்களெல்லாம் காலியாகக் கிடக்கும் படிவம் உங்களுக்கு எதிராகவே பேசும். நோயாளியிடம் எதையும் விளக்காமல் கையெழுத்தை மட்டும் வாங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கும் நேரடியாகவே சொல்கிறேன்: நோயாளி இறந்துவிட்டார் என்பதாலேயே நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று ஆகாது. நம் செய்தித்தாள்களில் "தவறான சிகிச்சையால் மரணம்" என்ற ஒரே தலைப்பில் எல்லாம் அடங்கிவிடுகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நோயின் போக்கால் வரும் மரணம் ஒன்று. தெரிந்த சிக்கல், எவ்வளவு கவனமாக இருந்தும் நேர்வது இன்னொன்று. இரண்டு நியாயமான வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது பலிக்காமல் போவது மூன்றாவது. இவை மூன்றும் கவனக்குறைவு அல்ல. 1957இல் இங்கிலாந்தில் போலம் என்பவர் தொடுத்த வழக்கில் வந்த அளவுகோலைத்தான் நம் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் பின்பற்றுகிறது. மனநோய்க்கு மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுத்தபோது தசையைத் தளர்த்தும் மருந்து தராததால் அவருக்கு எலும்பு முறிந்தது. அந்தக் காலத்தில் மருந்து கொடுக்கும் மருத்துவர்களும் இருந்தார்கள், கொடுக்காதவர்களும் இருந்தார்கள். அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள பொறுப்பான மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளும் முறையில் நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்றது நீதிமன்றம். ஊரிலேயே கெட்டிக்கார மருத்துவரோடு யாரும் உங்களை ஒப்பிடப்போவதில்லை. ஆனால் தன் துறையில் ஒரு சாதாரண மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. தகுதி இல்லாத துறையில் கை வைத்தால் இந்த அளவுகோலே தேவைப்படாது. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், 1996இல், அந்தச் செயலே கவனக்குறைவுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிவில், கிரிமினல் என்று இரண்டு பாதைகள் இருப்பதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஜேக்கப் மேத்யூ வழக்கைச் சொன்னால் எளிதில் விளங்கும். லூதியானாவில் ஒரு மருத்துவமனையில் முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. வாயில் முகமூடியை வைத்து ஆக்சிஜனைத் திறந்தால் சிலிண்டர் காலி. பக்கத்து அறையிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அதைப் பொருத்தி இயக்க வழி இல்லை. அதற்குள் உயிர் போய்விட்டது. மருத்துவர்கள் மேல் குற்ற வழக்கு. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குற்ற வழக்கை ரத்து செய்தது. சிலிண்டர் காலியாக இருந்ததற்கு மருத்துவமனை நஷ்டஈடு தர வேண்டியிருக்கலாம். அதற்காக அந்த மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது, குற்றத்துக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்புதான், வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்து இல்லாமல் தனிப் புகாரை ஏற்கக் கூடாது, விசாரணை அதிகாரி முடிந்தவரை அரசு மருத்துவரிடம் நடுநிலையான கருத்து வாங்க வேண்டும், வழக்கமான குற்றங்களைப் போல உடனே கைது செய்யக் கூடாது என்றும் சொன்னது. நான் உட்கார்ந்த குழுக்கள் எல்லாம் அதன் வழி வந்தவைதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் இந்தக் குற்றம் பிரிவு 106(1). கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் மருத்துவச் செயல்முறையின்போது அப்படிச் செய்திருந்தால் இரண்டு ஆண்டு வரை. ஆகவே ஜெயில் பயம் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதென்றால், அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்.

நுகர்வோர் ஆணையத்தை அப்படி இறக்கி வைக்க முடியாது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவை என்று ஆகிவிட்டது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லையே என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிறிய நர்சிங் ஹோம் நடத்துபவர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. எந்த ஆணையத்துக்குப் போவது என்பது இப்போது கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்தது அல்ல, கட்டிய கட்டணத்தைப் பொறுத்தது. 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். உங்களிடம் யாரும் 50 லட்சம் கட்டப்போவதில்லை. எனவே கேட்கும் தொகை கோடியாக இருந்தாலும் வழக்கு மாவட்ட ஆணையத்தில்தான் தொடங்கும். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். உங்கள் பக்கம் அந்தச் சலுகை கிடையாது. புகார் நகலுடன் நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. நோட்டீஸை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு "பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்த நல்ல மருத்துவர்கள், சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தும் வாய் திறக்க முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கொல்கத்தாவில் சிகிச்சை பெற்று, 1998இல் தோல் உரியும் கொடிய நோயில் இறந்த பெண்ணின் வழக்கில் 2013இல் சுமார் 6 கோடி ரூபாய் நஷ்டஈடு விதிக்கப்பட்டதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு அங்கே பிரச்சினை. ஆனால் உங்களைப் போன்றவர்கள் படிக்க வேண்டியது எழும்பூர் வழக்கு என்பேன். 1996இல் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கோணலாக வளர்ந்து பார்வை பறிபோகும் ஆபத்து உண்டு என்பது அப்போதே தெரிந்த விஷயம். சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் தடுக்க வழி உண்டு. அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. நாலரை மாதத்தில் தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டை ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. ஒன்றேகால் கிலோ குழந்தையைக் காப்பாற்றுவது எத்தனை கை சேர்ந்து செய்யும் காரியம் என்பது உங்கள் மனைவிக்குத் தெரியும். அத்தனை உழைப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாமல் போன ஒரு வரியிடம் தோற்றது. உங்கள் நர்சிங் ஹோமில் டிஸ்சார்ஜ் சம்மரியை யார் எழுதுவார்கள்? பயிற்சி முடித்து நேற்று வந்து சேர்ந்த டியூட்டி டாக்டரா? அவர் எழுதியதை அனுப்பும் முன் நீங்களோ உங்கள் மனைவியோ படிப்பீர்களா? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும், அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில், எந்த மருத்துவரிடம் என்று தமிழில் நான்கு வரி அதில் இருக்க வேண்டும்.

இனி ஒப்புதல். படிவத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள், அதற்கு வருகிறேன். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒப்புதல் கொடுத்தார். மயக்கத்தில் இருக்கும்போது கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. மருத்துவர் அந்தப் பெண்ணின் தாயிடம் தியேட்டருக்கு வெளியே கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தார். சிகிச்சை முறையில் தவறு இல்லை, நல்ல எண்ணத்தோடுதான் செய்தார் என்பதை ஏற்றுக்கொண்டும், 2008இல் உச்ச நீதிமன்றம் மருத்துவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. உயிர் ஆபத்து இல்லாதபோது, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய வயது வந்த ஒருவருக்குப் பதிலாக அம்மாவும் சம்மதிக்க முடியாது. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது. நம் ஊரில் மனைவிக்கு அறுவை சிகிச்சை என்றால் கணவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் பழக்கம். கணவரிடமும் விளக்குங்கள், தவறில்லை. ஆனால் வயிறு அந்தப் பெண்ணுடையது. கையெழுத்தும் பேச்சும் அவரோடு. உயிர் போகும் அவசரத்தில், நினைவில்லாதவருக்கு, கேட்க ஆளும் இல்லாதபோது காத்திருக்க வேண்டியதில்லை. அப்போது நிலைமையை எழுதி, முடிந்தால் இன்னொரு மருத்துவரின் கையெழுத்தையும் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

காலை ஆறு மணிக்கு, தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் நோயாளியிடம் அட்டெண்டர் அட்டையையும் பேனாவையும் நீட்டி வாங்கும் கையெழுத்தை நான் ஒப்புதல் என்று சொல்லமாட்டேன். முதல் நாள் மாலை, உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த தமிழில், என்ன செய்யப்போகிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி என்ன, எது தப்பிப் போகலாம் என்று சொல்லுங்கள். முடித்ததும் "நான் சொன்னதில் உங்களுக்கு என்ன விளங்கியது, திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு மூதாட்டி, கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையைத் திரும்ப வைத்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். படிவத்தில் அவருடைய கைநாட்டு ஏற்கெனவே இருந்தது. திருப்பிச் சொல்லச் சொன்னதால்தான் தெரிந்தது. அவர் கேட்ட கேள்வியையும் நீங்கள் சொன்ன பதிலையும் இரண்டு வரியில் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். அச்சடித்த ஐந்து பக்கத்தைவிட அந்த இரண்டு வரிக்குப் பலம் அதிகம்.

கேஸ் ஷீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்குகள் உண்மையில் முடிவாகும் இடம் அதுதான். ஒரு கோப்பு என் மனதை விட்டுப் போகவே இல்லை. சிசேரியன் ஆன இளம்பெண், நள்ளிரவுக்குப் பிறகு ரத்தப்போக்கு, விடிவதற்குள் மரணம். எங்களிடம் வந்த கேஸ் ஷீட்டில் ஒன்றரை மணியிலிருந்து மூன்றரை வரை நாடித்துடிப்பு 80, 80, 82, 80 என்று இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, வரிகளுக்கு இடையே ஒரே இடைவெளி. அடுத்த வரி 4.10க்கு: மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் பதிவாகவில்லை. நாடி 80இல் இருக்கும் பெண் நாற்பது நிமிடத்தில் அப்படிச் சாய்வதில்லை என்று எந்த ஹவுஸ் சர்ஜனும் சொல்லிவிடுவார். விசாரணையின்போது இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அழுதுகொண்டே கைப்பையிலிருந்து கிழிந்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். ஊசி மருந்து வந்த பெட்டியின் உட்புறம். அதில் நீல மையில், 1.30 – 104, 2.10 – 118, டாக்டர் வந்தார், ஊசி போட்டார், 2.50 – 132. ரத்தம் கேட்டு ஆள் போயிருக்கிறது. மருத்துவர் வந்திருக்கிறார். கருப்பை சுருங்க மருந்து கொடுத்திருக்கிறார். ரத்தத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். செய்ய வேண்டியதில் பெரும்பகுதியைச் செய்திருக்கிறார்கள். அந்தப் பெண் இறந்ததும் பயத்தில், எல்லாம் ஒழுங்காக இருந்ததாகக் காட்ட, புதுத் தாளில் நல்ல எண்களை எழுதி வைத்துவிட்டார்கள். அந்த அட்டைத் துண்டை அப்படியே கோப்பில் குத்தி வைத்திருந்தால் அவர்கள் பக்கம் பேச எங்களிடம் நிறைய இருந்திருக்கும். பதிவேடு நம்பத்தக்கதல்ல என்று எழுதும்படி ஆனது. அப்படி எழுதிய பிறகு எந்த மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று அவர்கள் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

ஆகவே அன்றன்று, அப்போதைக்கப்போது, நேரம் போட்டு எழுதுங்கள். பிறகு எழுத நேர்ந்தால் "இது பிறகு எழுதியது" என்று சொல்லி, எழுதும் நேரத்தையே போடுங்கள்; அதில் குற்றம் இல்லை. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, அடித்தது படிக்கும்படி விட்டு, தேதியும் கையெழுத்தும் இடுங்கள். வெள்ளை மை பூசவே கூடாது. தொலைபேசியில் நர்ஸுக்குச் சொன்ன உத்தரவை, வந்ததும் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை, ஏன் காத்திருக்கிறோம் என்பதற்கு அரை வரி காரணம் எழுதுங்கள். யோசித்துத்தான் முடிவெடுத்தீர்கள் என்பதற்குக் குழுவுக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிப்படி உள்நோயாளி பதிவேடுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பிரசவம், குழந்தை தொடர்பானவற்றைக் குழந்தைக்கு 21 வயது ஆகும்வரை வைத்திருங்கள் என்பது என் யோசனை. சிறார்களுக்குக் கால வரம்பு எப்போது தொடங்குகிறது என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. அலமாரியில் இடம் ஒதுக்குவது அதைவிட மலிவு. நகல் கேட்டு வரும் குடும்பத்தைப் பார்த்து "வழக்குப் போடப்போகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். கொடுத்துவிடுங்கள். மறைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் பலரை வக்கீல் வீட்டுக்கு அனுப்புகிறது.

அந்த எண்ணம் எப்படி முளைக்கிறது என்பதை நானே பட்டு உணர்ந்தேன். பித்தப்பை அறுவை சிகிச்சை ஒன்றில் பித்தநாளத்தில் காயம் பட்டுவிட்டது. மூன்றாம் நாள் டிரெயின் குழாயில் பித்தம் வந்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் முழுவதும் அந்த வார்டுப் பக்கம் போகாமல் வேறு வேலைகளைத் தேடிக்கொண்டேன். மாலையில் வார்டு சிஸ்டர் வந்து, "சார், அந்த அம்மாவின் வீட்டுக்காரர் காலையிலிருந்து உங்களுக்காகத்தான் நிற்கிறார்" என்றார். வராந்தா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எக்ஸ்ரே உறையின் பின்புறத்தில் படம் வரைந்து, என்ன நடந்தது, அது எப்படி நேரும், அடுத்து எங்கே அனுப்பப்போகிறேன், அங்கே யாரிடம் பேசியிருக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதை நேற்றே ஏன் சார் சொல்லவில்லை?" என்னிடம் பதில் இல்லை. அவர் மனைவி பிழைத்தார், வழக்கு எதுவும் வரவில்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்றும் என்னோடு இருக்கிறது.

பேசினால் வழக்கு குறையுமா என்பதற்கு வெளிநாட்டில் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை, தவறு நேர்ந்தால் தானே முன்வந்து சொல்லி, நஷ்டஈடும் தர முன்வரும் முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஒரு லட்சம் நோயாளி வருகைக்கு 2.13 ஆக இருந்த நீதிமன்ற வழக்குகள் 0.75 ஆகக் குறைந்தன. 1997இல் அங்கே வந்த இன்னோர் ஆய்வில், வழக்கே வராத பொது மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 18.3 நிமிடமும், வழக்கு வந்தவர்கள் 15 நிமிடமும் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் அறுவை சிகிச்சை மருத்துவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் நாட்டுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. இன்னொரு தயக்கமும் நியாயமானது: வருத்தம் தெரிவித்தால் அதையே ஒப்புதல் வாக்குமூலமாக ஆக்கிவிட மாட்டார்களா? அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படிப் பயன்படுத்தத் தடை உண்டு. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், வருந்துவதைச் சொல்லுங்கள், அடுத்து செய்யப்போவதைச் சொல்லுங்கள். யார் மேல் தவறு என்ற தீர்ப்பை மட்டும் அந்த இடத்தில் எழுதாதீர்கள். உங்களுக்கே அது முழுதாகத் தெரிந்திருக்காது. மரணச் செய்தியைச் சொல்ல மூத்தவர்தான் போக வேண்டும். டியூட்டி டாக்டரை அனுப்பிவிட்டுப் பின்வாசல் வழியாகக் காரில் ஏறினால், கண்ணாடி உடைவதைத் தடுக்க எந்தச் சட்டமும் நேரத்துக்கு வந்து சேராது. மரணத்தின் காரணம் தெளிவில்லை என்றால் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். குடும்பம் மறுத்தால் மறுத்ததை எழுதி வாங்குங்கள். நீங்கள் தேடும் கையெழுத்துகளில் உண்மையிலேயே பயன்படுவது இதுதான்.

மற்றொரு விஷயம் நம் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. மேல்சிகிச்சைக்கு வந்த நோயாளியின் சீட்டைப் பார்த்து, உறவினர் காதுபட, "யார் இப்படிச் செய்தது? ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம்" என்று ஒரு மருத்துவர் சொல்லும் வாக்கியத்தில் பிறந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்று சொன்னவருக்குத் தெரியாது. நீங்கள் அனுப்பும் இடத்தில் இருப்பீர்கள் என்பதால் உங்களுக்கு இது முக்கியம். "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்" என்று ஒற்றை வரி எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றாதீர்கள். போனில் பேசி, பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து, கிளம்பும்போது இருந்த நாடி, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் எழுதி, கூட ஒரு நர்ஸையும் அனுப்புங்கள். அனுப்புவதில் வரும் தாமதம் பெரும்பாலும் திறமைக் குறைவால் வருவது அல்ல. இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம் என்ற தன்மானத்தால் வருவது. ரத்த வங்கி எத்தனை நிமிடத் தொலைவு, இரவில் மயக்க மருந்து மருத்துவர் எத்தனை நிமிடத்தில் வருவார் என்பதை அளந்து வைத்துக்கொண்டு, எந்த நோயாளியை உங்கள் இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

தியேட்டரில் உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009இல் வெளியிட்டார்கள். பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கட்டாயமாக்கியபோது அந்த அளவு பலன் தெரியவில்லை. உரக்கப் படித்துக் காது கொடுத்துக் கேட்டால் பலன் உண்டு, முன்கூட்டியே டிக் அடித்து வைத்தால் இல்லை என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பயத்தில் எல்லோருக்கும் எல்லா ஸ்கேனும் எழுதுவது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். எடுத்த ஸ்கேனைப் பார்க்காமல் விட்டதே பிறகு குற்றச்சாட்டாக நிற்கும். தொழில் இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம் எடுங்கள், உங்கள் இருவருக்கும் தனித்தனியாக, நர்சிங் ஹோமுக்கும் தனியாக. இந்த வகைப் பாலிசிகள் பொதுவாகப் புகார் வரும் நாளில் நடப்பில் இருக்க வேண்டும். இடையில் ஒரு வருடம் விட்டால் பழைய சிகிச்சைகளுக்கான பாதுகாப்பும் போய்விடலாம். நோட்டீஸ் வந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அசல் கேஸ் ஷீட்டை நகலெடுத்துப் பூட்டி வையுங்கள். அதில் ஒரு புள்ளியும் சேர்க்காதீர்கள்.

திறப்பு விழாவுக்கு முன் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. வார்டு, பிரசவ அறை, தியேட்டர் மூன்றிலும் மாட்டப்போகும் சுவர்க் கடிகாரங்களை ஒரே நேரத்துக்குத் திருப்பி வையுங்கள். மாதம் ஒருமுறை அவற்றைச் சரிபார்க்க ஒரு நர்ஸிடம் பொறுப்புக் கொடுங்கள். குழந்தை பிறந்த நேரம் தியேட்டர் பதிவேட்டில் 2.10 என்றும், சிசேரியன் செய்ய முடிவெடுத்த நேரம் பிரசவ அறைக் குறிப்பில் 2.15 என்றும் இருந்த ஒரு கோப்பு எங்களிடம் வந்தது. இரண்டையும் எழுதியவர்கள் நேர்மையானவர்கள், தங்கள் முன்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள். அதை நம்ப வைக்க அவர்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது.